மூன்றாம் பிரிவுக்குப் போன குரல்

நான் அவளிடம் முதலில் பேசியது ஒரு புகார் சொல்வதற்காக. அதுவும் நேரில் அல்ல, மின்னஞ்சலில்.

எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. அப்போது வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை செய்தேன். இணையம் வழியாக வரும் மனுக்களைப் படித்து, எது எந்தத் துறைக்குப் போக வேண்டும் என்று பிரித்து அனுப்புவது என் வேலை. ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் ஒப்பந்தம். படித்து என்கிறேனே தவிர, உண்மையில் படித்தது நானல்ல. திரையில் இருப்பதைத் திரைவாசிப்பான் என்ற மென்பொருள் எடுத்துக் கொடுக்கும். அதை ஒரு பெண்குரல் என் காதுக்குள் வாசிக்கும். நான் அதை மூன்று மடங்கு வேகத்தில் ஓடவிட்டிருப்பேன். பக்கத்து மேசைக்காரருக்குத் தகர டப்பாவில் கல் உருளுவதுபோலக் கேட்குமாம். எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கும்.

ஒரே குறை ழகரம். கிழமை என்பதைக் கிலமை என்பாள் அந்தக் குரல்காரி. ஏழுமலை என்றால் ஏலுமலை. எங்கள் மாவட்டத்தில் ஏழுமலைகளுக்கு என்ன பஞ்சம்? நாளெல்லாம் ஏலுமலைகளைக் கேட்டு அலுத்துப்போய், அந்த மென்பொருளைப் பராமரிப்பவர் என்று போட்டிருந்த முகவரிக்குக் காரமாக ஒரு கடிதம் எழுதினேன். எந்த நாட்டில் இருக்கிறாரோ என்று ஆங்கிலத்தில்தான் எழுதினேன்.

மறுநாள் தமிழில் பதில் வந்தது. 'கையெழுத்துக்குக் கீழே வேங்கிக்கால் என்று போட்டிருக்கிறீர்கள். நான் செங்கம் ரோட்டில் இருக்கிறேன். ஜூஸ் கடை மாடி. கணினியோடு ஒருநாள் வர முடியுமா?'

இப்படித்தான் அவளைத் தெரிந்துகொண்டேன். என்னைவிடப் பத்து வயதாவது சிறியவள். முதல் நாளே 'அண்ணா' என்றாள். ஊரில் மூன்று தலைமுறையாகத் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பம். அவள் மட்டும் ஜவுளிப் பக்கம் போகாமல் மாடி அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்து மடிக்கணினி பழுது பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஊர் ஆசிரமத்துக்கு வந்து மாதக்கணக்கில் தங்குகிறவர்கள்தான் பெரும்பாலும் வாடிக்கையாளர்கள். அறைக்குள் நுழைந்தால் ஈயம் உருகிய வாசனையும் ஏலக்காய் வாசனையும் சேர்ந்து வரும். வேலை செய்யும்போது ஏலக்காயைக் கடித்துக்கொண்டே இருப்பாள்.

பிழைப்பு அது. அவளுடைய உண்மையான ஈடுபாடு வேறு. உலகம் முழுக்கப் பலர் சம்பளம் வாங்காமல் சேர்ந்து உருவாக்கி, யாருக்கும் இலவசமாகக் கொடுக்கும் கணினி இயங்குதளம் ஒன்று இருக்கிறது. அதற்கான மென்பொருள்களைப் பொதி பொதியாகக் கட்டி வைத்திருப்பார்கள். ஒவ்வொரு பொதிக்கும் ஒரு பொறுப்பாளர். இவள் ஏழு பொதிகளுக்குப் பொறுப்பு. அதில் இரண்டு என் பிழைப்போடு சம்பந்தப்பட்டவை. ஒன்று திரைவாசிப்பான். மற்றொன்று அந்தப் பெண்குரல்.

அவளைப் பற்றி ஒன்றே ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால், அவள் எதையும் படித்துப் பார்க்காமல் கையில் தொடமாட்டாள் என்பதைச் சொல்வேன். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு 'சம்மதம்' என்று அழுத்திவிட்டுப் போகும் உரிம வாசகங்களை அவள் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிப்பாள். சாலையோரக் கடை ஒன்றில் இலவச வைஃபை என்று எழுதியிருந்ததாம். உடன் வந்த தோழிகள் தோசை தின்று முடிக்கும்வரை இவள் அதன் நிபந்தனைகளைப் படித்துவிட்டு, "இது வேணாம்" என்று கைப்பேசியை உள்ளே வைத்துக்கொண்டாளாம். வண்டி நிறுத்தும் சீட்டின் பின்பக்கத்தைப் படிக்கிற ஆள் எனக்குத் தெரிந்து அவள் ஒருத்திதான்.

விலை கொடுத்து வாங்க வேண்டிய ஒரு மென்பொருளைத் திருட்டுத்தனமாகப் போட்டுத் தரச் சொல்லி ஒருவர் ஒருமுறை அவளிடம் மன்றாடினார். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

"எல்லாக் கடையிலயும் போட்டுத் தர்றாங்கம்மா. நீ மட்டும் இன்னா?"

"அவங்க படிச்சிருக்க மாட்டாங்க சார். நான் படிச்சிட்டேன்" என்றாள். பிறகு அதே வேலையைச் செய்யும், நிபந்தனை எதுவும் இல்லாத கட்டற்ற மென்பொருள் ஒன்றைப் போட்டு, ஒரு மணி நேரம் உட்கார்ந்து அதை எப்படிப் பயன்படுத்துவது என்றும் காட்டிக் கொடுத்தாள். அவர் பொருமிக்கொண்டே படியிறங்கினார்.

அவள் அடிக்கடி கேட்கும் இன்னொரு கேள்வி, "அது சரி, அது எத நம்பி நிக்குது?" என்பது. எனக்கு அது புரியச் சில நாள் ஆனது. அந்த இயங்குதளத்தில் பொதிகளை மூன்று பிரிவாக வைத்திருக்கிறார்கள். முதல் பிரிவில் இருப்பதை யாரும் பயன்படுத்தலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம். அது மட்டும் போதாது. அது ஓடுவதற்கு வேறு எது தேவைப்படுகிறதோ அதுவும் அதே மாதிரி கட்டற்றதாக இருக்க வேண்டும். இரண்டாம் பிரிவில் இருப்பது தன்னளவில் கட்டற்றதுதான், ஆனால் கட்டுள்ள வேறொன்று இல்லாமல் அதனால் ஓட முடியாது. மூன்றாம் பிரிவு, இதைச் செய்யலாம், அதைச் செய்யக் கூடாது என்று நிபந்தனையோடு வருவது. அவள் தன் அறையின் உதிரி பாகங்களைக்கூட இப்படித்தான் மூன்று தட்டில் வைத்திருந்தாள். நான் போய்வரத் தொடங்கிய பிறகு, எனக்குத் தடவினால் தெரியட்டும் என்று தட்டு விளிம்பில் நூல் முடிச்சுப் போட்டு வைத்தாள்.

அவளுக்கு மாப்பிள்ளை பார்த்த கதையை அவளுடைய அம்மாதான் என்னிடம் புலம்பலாகச் சொன்னார். வந்த பையன் சொந்தத் தொழில் என்றானாம். இவள், "நீங்க எத நம்பி இருக்கீங்க?" என்று கேட்டிருக்கிறாள். பையன் விழித்து, "அப்பா கடைதான்" என்றானாம். "அப்பா கடைனு சொன்னா தப்பில்ல, சொந்தத் தொழில்னு சொன்னீங்களே" என்றிருக்கிறாள். அதோடு அந்த இடம் போயிற்று. "பெத்த புள்ளையா இது, இன்ஸ்பெக்டர் மாதிரி" என்றார் அம்மா. பிற்பாடு அவளைக் கட்டிக்கொண்டவர் இதே கேள்விக்கு, "யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போய், நான்கு நாள் கழித்து நிஜமாகவே யோசித்து வந்து சொன்னாராம். இப்போது இருவரும் ஆம்பூரில் இருக்கிறார்கள். அதே ஏழு பொதிகளை அங்கிருந்து பார்த்துக்கொள்கிறாள்.

இந்தக் குணம் என் தலையில் விழுந்தது ஒரு தை மாதத்தில்.

ழகரத்தைச் சரிசெய்ய முடியுமா என்று பார்ப்பதற்காக அவள் குரல் பொதியை முழுதாகப் பிரித்தாள். நான் எதிரே உட்கார்ந்து மிக்சர் தின்றுகொண்டிருந்தேன். விசைப்பலகைச் சத்தம் நின்று போயிற்று. ஏலக்காய் கடிக்கும் சத்தமும் இல்லை.

"அண்ணா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லும்மா."

"இந்தக் குரல் முதல் பிரிவுல இருக்கக் கூடாதுண்ணா. உள்ள ரெண்டு அடுக்குக்குக் கீழ ஒரு ஃபைல் இருக்கு. 'ஆராய்ச்சிக்கும் கல்விக்கும் மட்டும்'னு போட்டிருக்கு. ஒரு காலேஜ்ல பதிவு பண்ணது. மேல இருக்கிற லைசென்ஸ மட்டும் பார்த்துட்டு உள்ள சேர்த்துட்டாங்க. நானும் பொறுப்பு வாங்கறப்போ மேல இருக்கிறதத்தான் படிச்சேன்."

"அதனால இன்னா இப்போ?"

"குரல் மூணாவதுக்குப் போவணும். அந்தக் குரல நம்பி ஓடுற ரீடர் ரெண்டாவதுக்குப் போவணும்."

மிக்சர் பொட்டலத்தைக் கீழே வைத்தேன். எங்கள் அலுவலகக் கணினிகளில் ஓடியதும் அதே இயங்குதளம்தான். அங்கே முதல் பிரிவில் இருப்பதை மட்டுமே போடலாம் என்று மேலிடத்து உத்தரவு. மாசியில் எல்லாக் கணினிகளிலும் புதிய பதிப்பு போடப் போகிறார்கள். குரல் மூன்றாவதுக்குப் போனால் என் மேசைக்கு வராது. குரல் வராவிட்டால் நான் அங்கே வெறும் நாற்காலி.

"எத்தினி வருசமா இப்படி இருக்கு?" என்றேன்.

"அஞ்சாறு வருசம் இருக்கும்."

"இத்தினி வருசத்துல யாராவது கேட்டாங்களா?"

"இல்லண்ணா."

"அப்போ விட்டுட்டுப் போயேம்மா. நானா ழ சரியில்லன்னு கிளப்பி விட்டதுதானே. நான் வாய மூடிட்டிருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது."

"அப்புறம்?"

"படிச்சிட்டேனேண்ணா."

நான் எழுந்துவிட்டேன். அவள் என் பின்னாலேயே படி வரைக்கும் வந்தாள். "முதல் பிரிவுனு போட்டா, அத நம்பி எங்கேயோ ஒருத்தன் பார்வையில்லாதவங்களுக்குக் கம்ப்யூட்டர் செஞ்சு விக்க ஆரம்பிப்பான்ணா. நாளைக்கு அவனுக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தா யாரு பதில் சொல்றது?" என்றாள். நான் கைப்பிடியைப் பிடித்து இறங்கினேன். அன்று மாலையே அவள் தன்னுடைய பொதியின் மேல் தானே புகார் எழுதிப் பதிவு செய்துவிட்டாள் என்று பிறகு தெரிந்தது.

மாசியில் புதிய பதிப்பு வந்தது. குரலும் அதை நம்பியிருந்த திரைவாசிப்பானும் போயின. முதல் பிரிவில் மிஞ்சியிருந்தது பழைய வாசிப்பான் ஒன்றும் அதன் இயந்திரக் குரலும்தான். மூக்கில் பஞ்சு அடைத்த ஆள் மெய்யெழுத்துகளை விழுங்கிக்கொண்டே பேசுவதுபோல இருக்கும். மூன்று மடங்கு வேகத்துக்கு எங்கே போவது, சாதாரண வேகத்திலேயே பாதி புரியாது. ஒரே மனுவை மூன்று தடவை கேட்பேன். குடிநீர்ப் பிரிவுக்கு நான் அனுப்பிய மனு, இது குடிசை மாற்று வாரியத்துக்கு உரியது என்று திரும்பி வந்தது. கண்காணிப்பாளர் நல்ல மனிதர். அவரே ஒருநாள் என் தோளில் கைவைத்து, "ஜூன்ல ரினியூவல் வருதுப்பா. உன் எண்ணிக்கை ரொம்ப கம்மியா இருக்கு. நான் இன்னானு எழுதறது?" என்றார். வீட்டில் சொல்லவில்லை. என் மனைவி ஒரு பள்ளியில் சத்துணவு சமைக்கிறாள். மகள் பத்தாவது. சொல்லி என்ன ஆகப் போகிறது என்று இருந்துவிட்டேன்.

அவளோடு ஒரு மாதம் பேசவில்லை. மூன்று முறை கைப்பேசியில் அழைத்தாள், எடுக்கவில்லை. நான்காவது முறை நேராக வீட்டுக்கே வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றுவதற்குள், "அண்ணா, குரலுக்குச் சொந்தக்காரங்க கிடைச்சிட்டாங்க" என்றாள்.

அந்த ஒரு மாதமும் அவள் தேடியிருக்கிறாள். கல்லூரியில் அந்தப் பிரிவே இப்போது இல்லை. ஓய்வுபெற்ற பேராசிரியரைக் கண்டுபிடித்துப் பேசியிருக்கிறாள். 'எனக்கு ஆட்சேபணை இல்லை, கல்லூரிக்கும் இருக்காது, எழுதித் தரச் சொல்கிறேன். ஆனால் குரல் கொடுத்த பெண்ணிடம் ஆராய்ச்சிக்கு மட்டும் என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினோம். அந்தப் பெண் சம்மதித்தால் போதும்' என்று அவர் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் ஆரணியில் இருக்கிறாராம்.

"வர்றீங்களா?" என்றாள். கோபம் இருந்தது. ஆனாலும் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டேன்.

நோன்பு மாதம் அது. போளூர் வழியாகப் போகும் பேருந்தில் இரண்டு மணி நேரம், வெயில். ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்காமல் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, கொண்டு போகும் ஒப்புதல் கடிதத்தை எனக்குப் படித்துக் காட்டிக்கொண்டே வந்தாள்.

ஆரணியில் அந்த வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டினோம். உள்ளே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது நின்றது.

"யாரு வேணும்?" என்றது ஒரு குரல்.

எனக்கு முதலில் உறைக்கவில்லை. நான் கேட்டுப் பழகியது அவசர அவசரமாக ஓடும் குரல். இது நிதானமாக நடந்து வந்தது. "சொல்லுங்க, யாரு?" என்று இன்னொரு முறை கேட்டபோது உடம்பெல்லாம் சிலிர்த்துப்போயிற்று. இத்தனை வருடம் என் காதுக்குள் இருந்தவர் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறார். யார், எங்கிருந்து என்று அவள்தான் சொன்னாள்.

அந்தப் பெண்மணி ஜாக்கெட் தைக்கிறவர். கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறார், அன்று அவரும் வீட்டில் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பெண்மணி சிரித்துவிட்டார்.

"அதுவா? காலேஜ் படிக்கறப்போ ஒரு ரூமுக்குள்ள போட்டு ரெண்டு வாரம் படிக்க வெச்சாங்க. மத்தியானம் சாப்பாடு குடுத்தாங்க. 'வாழை தழைத்தது'ன்னு ஒரு வரி, அத மட்டும் நாப்பது தரம் படிக்கச் சொன்னாங்க. எனக்கு ழ வராதுங்க. அது இன்னமுமா இருக்குது?"

என் புகாருக்கான பதில் அங்கே கிடைத்தது. மென்பொருளில் எந்தக் கோளாறும் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நிமிடத்தில் கடிதத்தை நீட்டியிருந்தால் அவர் கையெழுத்துப் போட்டிருப்பார். நான் அதைத்தான் எதிர்பார்த்தேன்.

அவள் நீட்டவில்லை.

"அக்கா, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி முழுசாக் கேட்டுக்குங்க" என்று ஆரம்பித்தாள். "நீங்க சம்மதிச்சா இந்தக் குரல யாரு வேணா எடுத்துப் பயன்படுத்தலாம். விக்கலாம். மாத்தலாம். உங்களுக்கு அதுல ஒரு பைசா வராது. குடுத்துட்டு அப்புறம் வேணாம்னு திரும்ப வாங்க முடியாது."

கணவர் குறுக்கிட்டார். "அப்போ எவன் வேணா இவ குரல்ல கண்டபடி பேச வெக்கலாமா? எலெக்சன் பிரசாரம் பண்ண வெக்கலாமா?"

"வெக்கலாம்ணா."

"கெட்ட வார்த்தை?"

"அதையும் தடுக்க முடியாது. பொய்யா ஏமாத்தறதுக்குப் பயன்படுத்தினா போலீஸ்ல சொல்லலாம். ஆனா இந்தக் கடுதாசிய வெச்சி தடுக்க முடியாது."

நான் அவள் காலை என் காலால் இடித்தேன். அவள் காலை நகர்த்திக்கொண்டாள்.

"அரசியலுக்கு மட்டும் கூடாதுன்னு ஒரு வரி சேர்த்தா?" என்று அந்தப் பெண்மணி கேட்டார்.

"சேர்க்கலாம்க்கா. சேர்த்தா அது நிபந்தனை. மூணாவது பிரிவுலயே இருக்கும். அதுவும் தப்பில்ல. உங்க குரல், உங்க இஷ்டம்."

பிறகு அந்தப் பெண்மணி என் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். "சார், தெனம் என் குரல்ல இன்னா கேப்பீங்க?" என்றார்.

பழைய குரல் இன்னும் இருந்த என் சொந்த மடிக்கணினியைத் திறந்தேன். முன்பு வந்த ஒரு மனு எனக்கு ஏறக்குறைய மனப்பாடம். பெயரும் ஊரும் இல்லாமல் அதை அடித்து, வேகத்தைக் குறைத்து ஓடவிட்டேன். ஏரிக்கரையில் குடியிருக்கும் ஒரு விதவை, மூன்று தரம் எழுதியும் உதவித்தொகை வரவில்லை, நடக்க முடியவில்லை, யாரையாவது வீட்டுக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள் என்று எழுதியது. அந்த வீட்டுக்குள் அவருடைய இளவயதுக் குரல் அதை வாசித்தது.

"அந்தம்மாவுக்கு வந்துச்சா?" என்று கேட்டார்.

"வந்துச்சுங்க. நான்தான் அனுப்பி வெச்சேன். இப்போ அந்தக் குரல் இல்லாம தப்புத் தப்பா அனுப்பறேன்."

"யோசிச்சுச் சொல்றோம்" என்றார் கணவர். எனக்கு மோர் வந்தது. அவள் நோன்பு என்று தெரிந்ததும், அந்தப் பெண்மணி நாலு வாழைப்பழத்தைப் பையில் போட்டுக் கொடுத்தார். வாலப்பலம் என்றுதான் சொன்னார்.

திரும்பி வரும் பேருந்தில் நான் வெடித்துவிட்டேன். "கையெழுத்துப் போட ரெடியா இருந்தாங்க. நீ எதுக்கும்மா அத்தனையும் சொன்னே? அவங்க கேட்டாங்களா?"

"தெரிஞ்சிருந்தா கேட்டிருப்பாங்க இல்லண்ணா" என்றாள். போளூர் தாண்டும்போது நோன்பு திறக்கும் நேரம் வந்தது. வாழைப்பழத்தில் ஒன்றை உரித்து முதலில் என் கையில் வைத்தாள். வாங்கிக்கொண்டேன். கோபம் தீர்ந்து அல்ல, பசி.

நாட்கள் போயின. ஒரு வாரம், இரண்டு வாரம். ஆரணியிலிருந்து சத்தமே இல்லை. நான் அவளிடம், நீயே போன் பண்ணிக் கேளேன் என்று சொல்லிப் பார்த்தேன். "கேட்டா அவசரப்படுத்தற மாதிரி ஆயிடும்ணா" என்று மறுத்துவிட்டாள். அலுவலகத்தில் என் எண்ணிக்கை இன்னும் இறங்கியது. வேறு எங்காவது வேலை கிடைக்குமா என்று இரண்டு மூன்று பேரிடம் சொல்லி வைத்தேன். அவர்கள் சரி சரி என்ற விதத்திலேயே நம்பிக்கை போய்விட்டது.

சித்திரை பிறந்து ஒரு வாரம் இருக்கும். மதியம் என் கைப்பேசி அடித்தது. எடுத்து "ஹலோ" என்றதும் காதுக்குள் அந்தக் குரல்.

"சார், ஆரணிலேர்ந்து பேசறேன். கையெழுத்துப் போட்டுட்டேன். கண்டிசன் ஒண்ணும் வேணாம். தபால்ல அனுப்பியிருக்கேன்."

"உங்க வீட்டுக்காரர்?" என்று கேட்டேன்.

"அவருதான் சாட்சிக் கையெழுத்து. மொதல்ல கூடவே கூடாதுன்னாரு. நான் சொன்னேன், அன்னிக்குக் காலேஜ்ல கையெழுத்து வாங்கினவங்க ஒண்ணுமே சொல்லல. சோறு போட்டு அனுப்பிட்டாங்க. இந்தப் பொண்ணு நல்லது கெட்டது அத்தனையும் சொல்லுச்சு. அதுக்கு என் கையெழுத்து அவசரமா வேணும், இருந்தும் எனக்குப் பாதகமா இருக்கிறதத்தான் மொதல்ல சொல்லுச்சு. அப்படிச் சொல்றவங்க கையில குடுத்தா பயமில்லன்னு சொன்னேன். அவரு ரெண்டு நாள் பேசாம இருந்துட்டு, சரி எங்க போடணும்னாரு."

கொஞ்சம் நிறுத்தி, "அந்தம்மா மாதிரி மனு வந்தா நல்லபடியா அனுப்புங்க சார்" என்றார்.

கடிதம் வந்தது. பேராசிரியரின் எழுத்தும் வந்தது. ஆனால் அதோடு வேலை முடியவில்லை. அவள் உரிமத்தைத் திருத்தி, பொதியை மறுபடி கட்டி, சரிபார்க்கும் குழுவுக்கு அனுப்பினாள். எங்கெங்கோ இருக்கும் நான்கைந்து பேர் அதைப் படித்துக் கேள்வி கேட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினாள். குரல் மூன்றாவதிலிருந்து முதலாவதுக்கு ஏறியது. அதன் பின்னால் திரைவாசிப்பானும் இரண்டாவதிலிருந்து முதலாவதுக்கு வந்தது. இதெல்லாம் ஒரு மாதம். எங்கள் அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் தம்பி, மே மாதக் கடைசித் திங்கட்கிழமை அதைப் போட்டுத் தருவதாகச் சொன்னார். என் ஒப்பந்தக் கோப்பு அதே வாரம்தான் மேலே போக இருந்தது.

அந்தத் திங்கட்கிழமை ஒன்பது மணிக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். தம்பி பத்தரைக்கு வந்தார். ஏதோ தட்டினார், காத்திருந்தார், மறுபடி தட்டினார். ஒருமுறை "அய்யய்யோ" என்றார். "ஒண்ணுமில்ல சார், பாஸ்வேர்டு தப்பா போட்டுட்டேன்" என்றார். பதினொன்றரைக்கு ஹெட்போனை என் கையில் கொடுத்தார்.

மாட்டினேன். அம்புக்குறி விசையை அழுத்தினேன். முதல் மனு. 'ஐயா, வணக்கம்' என்று தொடங்கினார் ஆரணிப் பெண்மணி.

பஞ்சாயத்துக் குழாயில் பத்து நாளாகத் தண்ணீர் வரவில்லை என்ற மனு. முழுக்கக் கேட்டு, குடிநீருக்கு அனுப்பினேன். அடுத்தது பட்டா மாறுதல். அடுத்தது தெருவிளக்கு. என் விரல்கள் தாமாகவே ஓடின. ஒரு மணி வரை நான் நிமிரவில்லை. கண்காணிப்பாளர் பின்னால் வந்து நின்று, "பரவால்லையே, பழைய ஆளா ஆயிட்டே" என்றார். அப்போதுதான் முதுகை நாற்காலியில் சாய்த்தேன். எத்தனை மாதம் சாயாமல் உட்கார்ந்திருந்தேன் என்று முதுகுக்குத் தெரிந்தது.

சாப்பாட்டு நேரத்தில் அவளை அழைத்தேன்.

"ஓடுதாண்ணா?" என்றாள், நான் ஹலோ சொல்வதற்குள்.

"ஓடுதும்மா. காலையிலேர்ந்து அம்பது மனு தள்ளிட்டேன்."

எதிர்முனையில் அவள் மூச்சுவிடுவது கேட்டது. அதோடு பேருந்து ஹாரன் ஒன்றும் கேட்டது. அதே ஹாரன் என் வலப்பக்கத்து ஜன்னல் வழியாகவும் கேட்டது.

"எங்கம்மா இருக்கே?"

"கேட்டாண்ட."

"எந்த கேட்டு?"

"உங்க ஆபீஸ் கேட்டுதாண்ணா. ஓடலன்னா கையோட சரிபண்ணிக் குடுக்கலாம்னு ஒம்பது மணிக்கே வந்துட்டேன். உள்ள விட மாட்டேன்னாங்க. சரின்னு மரத்தாண்ட நின்னுட்டேன்."

கோலை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனேன். காவலாளி, "காலையிலேர்ந்து நிக்குது சார் அந்தப் பொண்ணு, உக்காருன்னாலும் உக்காரல" என்றார். அவள் தோளில் தொங்கிய மடிக்கணினிப் பை என் கையில் இடித்தது. நான் பேசாமல் இருந்த மாதம், பேருந்தில் கத்தியது, எல்லாம் நாக்கு நுனிவரை வந்து நின்றது.

எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். இரண்டு டீ சொன்னேன்.

"அண்ணா" என்றாள். "பொதிய மாத்தறேன்னு அன்னிக்கு எழுதி அனுப்பினதுலேர்ந்து எனக்குச் சோறு இறங்கல. தூங்கினா உங்க பொண்ணு ஸ்கூல் ஃபீஸுக்கு நிக்கற மாதிரி கனவு வரும். வீட்டுல கேட்டா ஒண்ணுமில்லம்பேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையேம்மா."

"இன்னான்னு சொல்றது? சொன்னா, அப்போ மாத்தாம விட்டிருக்கலாமேன்னு கேப்பீங்க. அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல."

டீ வந்தது. அவள் ஊதாமல்கூட ஒரு மடக்கு உறிஞ்சினாள். கடைக்காரர் எண்ணெய்ச் சட்டியில் எதையோ போடுவது கேட்டது.

"இன்னாண்ணா போடறாங்க?"

"இங்க மத்தியானம் போண்டாதான்."

"ரெண்டு சொல்லுங்க" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "எனக்கு மட்டும் ரெண்டு" என்றாள்.